தரங்கம்பாடியின் மின்திருக்கைகள்

சேர்வராயன் மலையில் பெய்யும் மழையில் பெரும்பகுதி காவிரி, தென்பெண்ணை என்ற இரண்டு ஆறுகளின் வழியே கடலுக்குப் போகிறது. சரபங்காவும் திருமணிமுத்தாறும் சேலத்துச் சமவெளியில் இறங்கிக் காவிரியில் கலக்கின்றன. மறுபக்கத்தில் வாணியாறு தருமபுரிப் பக்கம் இறங்கித் தென்பெண்ணையில் சேர்கிறது. ஒன்று பூம்புகாரிலும் மற்றொன்று கடலூரிலும் கடலைத் தொடுகிறது. அந்த மலையிலுள்ள மஞ்சக்குட்டையின் காப்பித் தோட்டங்களிலிருந்து நேர்கோட்டில் அளந்தால் அந்தக் கடற்கரை ஏறத்தாழ 200 கிலோமீட்டர் தூரம். இந்த மலைகளிலிருந்து காலங்காலமாகக் கரைந்துபோன மண்ணின் ஒரு பங்கு, சோழமண்டலக் கரைக்கு அப்பால் மணலும் சேறும் கலந்த தரையாகக் கடலடியில் படிந்திருக்கிறது. அந்தத் தரையில், உடலை மணலால் மூடிக்கொண்டு, கண்ணும் மூச்சுத்துளையும் மட்டும் வெளியே தெரியக் கிடக்கும் ஓர் உயிரைப் பற்றியது இந்தக் கட்டுரை.

மின்திருக்கைகள் உலகக் கடல்களில் அறுபதுக்கும் மேற்பட்ட வகைகளாக வாழ்கின்றன. அவற்றில் இரண்டு, அறிவியலுக்கு முதன்முதலில் அறிமுகமானது நம் தரங்கம்பாடியிலிருந்துதான். 1620 முதல் 1845 வரை டேனிஷ்காரர்களின் கையில் இருந்த அந்தச் சிறு துறைமுகத்துக்கு, கிறிஸ்டோஃப் சாமுவேல் ஜான் என்ற ஜெர்மானியப் பாதிரியார் 1771-இல் வந்தார். 1813-இல் இறக்கும்வரை அங்கேயே இருந்தார். சமயப் பணியோடு இயற்கை ஆராய்ச்சியிலும் அவருக்குத் தீராத ஈடுபாடு. உள்ளூர் வலைகளில் சிக்கும் மீன்களைப் பதப்படுத்தி, பெர்லினில் இருந்த மருத்துவரும் மீனியல் அறிஞருமான மார்க்கஸ் எலீசர் பிளாக்குக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். பிளாக் 1799-இல் மறைந்தார். அவர் முடிக்காமல் விட்ட பெருநூலை யோஹான் காட்லோப் ஷ்னைடர் நிறைவு செய்து 1801-இல் வெளியிட்டார். அந்த நூலில் தரங்கம்பாடி என்று இடம் குறிக்கப்பட்ட இரண்டு மின்திருக்கைகள் இருக்கின்றன. இன்றைய பெயரில் ஒன்று நார்சினே டிம்லெய், மற்றொன்று நார்கே டிப்டெரிஜியா. இரண்டே ஆண்டுகள் கழித்து, 1803-இல், பேட்ரிக் ரஸல் என்ற மருத்துவர் விசாகப்பட்டினத்து மீன்களைப் பற்றி வெளியிட்ட நூலிலும் மின்திருக்கைகளின் படங்கள் வந்தன. வங்கக் கடலின் மேற்குக் கரையில் இவை அரிதான விருந்தாளிகள் அல்ல என்பதற்கு அந்த நூல்களே சான்று.

இரண்டையும் பிரித்தறிவது எளிது. வாலின் மேல் இரண்டு சிறு துடுப்புகள் இருந்தால் நார்சினே, ஒன்றே ஒன்று இருந்தால் நார்கே. இரண்டுமே சிறியவை. நார்சினே டிம்லெய் ஒன்றேகால் அடி நீளத்தைத் தாண்டுவது அபூர்வம், நார்கே அதைவிடவும் சிறியது. மற்ற திருக்கைகளோடு ஒப்பிட்டால் இவற்றின் உடலில் பல குறைகள் இருப்பதுபோல் தோன்றும். வாலில் நச்சுமுள் இல்லை. தோலில் சொரசொரப்பான செதில்கள் இல்லை, தொட்டால் வழுவழுவென்று தளர்ந்திருக்கும். கண்கள் மிகச் சிறியவை. பற்களும் அப்படியே. கொட்டுந்திருக்கையும் ஆனைத்திருக்கையும் இரு பக்கத்துச் சிறகுகளை அசைத்து நீரில் மிதந்து செல்கின்றன. மின்திருக்கையால் அது முடியாது. அதன் வட்டமான முன்னுடலின் இரு பக்கத்தையும் மின்னுறுப்புகள் அடைத்துக்கொண்டிருப்பதால் அந்தப் பகுதி தடித்து விறைப்பாக இருக்கிறது. எனவே சாதாரண மீனைப்போல் வாலை அடித்து, மெதுவாக, சிறு தூரமே நீந்தும்.

மற்ற மீன்களுக்கு வேகமோ ஓடோ முள்ளோ எதைக் கொடுத்ததோ, அதை இந்த மீனுக்கு அசைவின்மை கொடுத்திருக்கிறது. இதன் உடலில் எந்த உறுப்பை எடுத்துப் பார்த்தாலும், அசையாமல் கிடப்பதற்காகவே அமைந்தது என்று சொல்லத் தோன்றுகிறது. மூச்சு விடுவதையே எடுத்துக்கொள்வோம். வாய் உடலின் அடிப்பக்கத்தில், மணலைப் பார்த்தபடி இருக்கிறது. அதன் வழியாக நீரை இழுத்தால் செவுள்களில் மண் அடைத்துவிடும். ஆகவே கண்களுக்குப் பின்னால் மேல்பக்கத்தில் இருக்கும் இரண்டு மூச்சுத்துளைகள் வழியாகத் தெளிந்த நீரை உள்ளிழுத்து, செவுள்களைக் கடந்து கீழே வெளியேற்றுகிறது. மணலுக்குள் புதைந்த நிலையிலும் மூச்சு தடைபடுவதில்லை. இரை தேடி நீண்ட தூரம் அலைய வேண்டியதில்லை, புழுக்கள் அதே மண்ணுக்குள் இருக்கின்றன. ஆபத்து வந்தால் ஓட வேண்டியதில்லை, அதற்குத்தான் மின்சாரம்.

அந்த மின்சாரத்தைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். தலையின் இரு பக்கத்திலும் சிறுநீரக வடிவில் ஒவ்வோர் உறுப்பு. தோலை நீக்கிவிட்டு மேலிருந்து பார்த்தால் தேன்கூட்டின் அறைகளைப்போல் அறுகோணங்கள் நெருக்கமாகத் தெரியும். ஒவ்வோர் அறுகோணமும் மேலிருந்து கீழாகச் செல்லும் ஒரு தூணின் உச்சி. 1773-இல் லண்டனில் ஜான் ஹன்டர் ஓர் ஐரோப்பிய மின்திருக்கையை அறுத்து எண்ணியபோது ஒரு பக்கத்து உறுப்பில் மட்டும் 470 தூண்கள் இருந்தன. ஒவ்வொரு தூணும் நூற்றுக்கணக்கான மெல்லிய தட்டுகளின் அடுக்கு. ஒவ்வொரு தட்டும் ஒரே ஓர் உயிரணு. இந்தத் தட்டுகள் ஒரு காலத்தில் தசையாக இருந்தவை. கருவில் இவை செவுள் வளைவுகளின் தசைகளாகவே உருவாகத் தொடங்குகின்றன. பிறகு சுருங்கி விரியும் இழைகளை இழந்து, தட்டையாகி, மின்னை மட்டும் எழுப்பும் அணுக்களாக மாறுகின்றன. சுருங்கும் வேலையை விட்டுவிட்டு, நரம்பின் கட்டளையை ஏற்கும் திறனை மட்டும் வைத்துக்கொண்ட தசை என்று இதைச் சொல்லலாம்.

தட்டின் அடிப்பக்கம் முழுவதும் நரம்பு முனைகள் பரவியிருக்கின்றன. மூளையின் பின்பகுதியில் இதற்கென்றே புடைத்திருக்கும் இரண்டு மடல்களிலிருந்து கட்டளை வந்ததும், அந்த முனைகள் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளை வெளியிடும். அது பட்டதும் தட்டின் அடிப்பக்கத்திலுள்ள நுண்கதவுகள் திறக்கின்றன, உப்பின் சோடியம் அயனிகள் உள்ளே பாய்கின்றன. மேல்பக்கமோ மாறாமல் அப்படியே இருக்கிறது. இரு பக்கங்களுக்கும் இடையில் பத்தில் ஒரு பங்கு வோல்ட்டுக்கும் குறைவான வேறுபாடு, சில ஆயிரத்தில் ஒரு பங்கு நொடிக்கு உண்டாகிறது. தனியே எடுத்தால் இது ஒன்றுமே இல்லை. ஒரு தூணின் நூற்றுக்கணக்கான தட்டுகள் ஒரே கணத்தில் இதைச் செய்யும்போது வோல்ட்டுகள் கூடுகின்றன. நூற்றுக்கணக்கான தூண்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்று செய்யும்போது மின்னோட்டத்தின் அளவு கூடுகிறது. அமெரிக்கக் கரையில் வாழும் நார்சினே உறவினங்களில் 14 முதல் 37 வோல்ட் வரை அளந்திருக்கிறார்கள். உடல் பெருத்த டார்பிடோ குடும்பத்து மீன்களில் இது ஐம்பது வோல்ட்டைத் தாண்டும்.

வோல்ட் எண்ணிக்கையை மட்டும் வைத்து இந்த மீனை எடைபோடுவது சரியல்ல என்பது என் கருத்து. தென் அமெரிக்க ஆறுகளின் மின்விலாங்கில் 860 வோல்ட் அளந்ததாக 2019-இல் செய்தி வந்தபோது, திருக்கையின் 30 வோல்ட் பலருக்கும் அற்பமாகத் தெரிந்தது. ஆனால் இரண்டும் வேறுவேறு நீரில் வாழ்பவை. நன்னீர் மின்சாரத்தை எளிதில் கடத்தாது, அதனுள் ஓட்டத்தைச் செலுத்த உயர்ந்த வோல்ட் வேண்டும். எனவே விலாங்கின் தட்டுகள் உடல் நீளத்துக்கும் வரிசையாக அடுக்கப்பட்டிருக்கின்றன. உப்புநீர் மிக எளிதில் கடத்தும். அங்கே வோல்ட் குறைவாக இருந்தால் போதும், ஓட்டம் மிகுதியாக வேண்டும். அதனால்தான் திருக்கையின் தூண்கள் குட்டையாகவும் எண்ணிக்கையில் மிகுதியாகவும் இருக்கின்றன. கடலுக்கு ஏற்ற கணக்கு அது. சேற்றில் இறங்கி நடப்பவர் இதை மிதித்தால் கால் சிறிது நேரம் மரத்துப்போகும். உயிருக்கு ஆபத்தில்லை.

மனிதர்கள் இந்த அதிர்வை மிகப் பழங்காலத்திலிருந்தே அறிந்திருந்தார்கள். ரோமாபுரி மருத்துவர் ஸ்கிரிபோனியஸ் லார்கஸ், கி.பி. முதல் நூற்றாண்டில், மூட்டுவாத வலிக்கு உயிருள்ள மின்திருக்கையின் மேல் காலை வைக்கச் சொன்னார். தீராத தலைவலிக்கும் அதே மீனைப் பரிந்துரைத்தார். அந்த அதிர்வு மின்சாரம்தான் என்பதை உறுதிப்படுத்த மேலும் 1,700 ஆண்டுகள் ஆயின. 1772-இல் ஜான் வால்ஷ் பிரான்ஸின் லா ரொஷேல் கடற்கரையில், கைகோத்து வரிசையாக நின்ற மனிதர்களின் வழியே மீனின் அதிர்வு கடந்து செல்வதைக் காட்டினார். மின்பொறி எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லையே என்று பலர் நம்ப மறுத்தார்கள். ஹென்றி கேவண்டிஷ் தோலாலும் மரத்தாலும் ஒரு செயற்கை மின்திருக்கையைச் செய்து, உப்புநீரில் மூழ்கடித்து, மின்பொறி தெரியாமலே அதிர்வு உண்டாவதை 1776-இல் விளக்கினார். 1800-இல் அலெஸ்ஸாண்ட்ரோ வோல்ட்டா உலோகத் தட்டுகளை அடுக்கி முதல் மின்கலத்தை அறிவித்தபோது, அதை இந்த மீனின் மின்னுறுப்போடு ஒப்பிட்டு, செயற்கை மின்னுறுப்பு என்றே அழைத்தார். அதற்கு அடுத்த ஆண்டு தரங்கம்பாடியின் இரண்டு வகைகள் பெயர் பெற்றன என்பதை நினைத்தால், ஒரே மீன் கூட்டத்தைப் பற்றி உலகின் இரு கோடிகளில் எவ்வளவு வேகமாக அறிவு திரண்டது என்பது புரிகிறது.

இருபதாம் நூற்றாண்டில், அறிவியல் இந்த மீனுக்குப் பட்ட கடன் இன்னும் பெருகியது. நம் உடலில் நாம் விரும்பி அசைக்கும் ஒவ்வொரு தசையும் அசிட்டைல்கோலினின் கட்டளையில்தான் இயங்குகிறது. ஆனால் அதை ஏற்கும் புரதம் நம் தசையில் மிகச் சிறு புள்ளிகளில் மட்டுமே இருப்பதால் பிரித்தெடுத்து ஆராய்வது கடினம். மின்திருக்கையின் தட்டுகளிலோ அது கொட்டிக்கிடக்கிறது. 1982-இல் ஜப்பானின் கியோட்டோவில் ஷோசாகு நூமாவின் குழு, டார்பிடோவின் மின்னுறுப்பைக் கொண்டுதான் அந்த ஏற்பியின் மரபணு வரிசையை முதலில் படித்தது. 1990-இல் குளோரைடு அயனிகளைக் கடத்தும் ஒரு முக்கியமான புரதக் குடும்பத்தின் முதல் உறுப்பினரும் இதே உறுப்பிலிருந்துதான் கிடைத்தது. அது தட்டின் மேல்பக்கத்தில் இருந்து, அந்தப் பக்கத்தை மாறாமல் காக்கும் புரதம். மனித நரம்பும் தசையும் எப்படிப் பேசிக்கொள்கின்றன என்ற அறிவின் அடித்தளத்தில் இந்த மீன் இருக்கிறது.

ஆனால் டார்பிடோவைப் பற்றித் தெரிந்ததை அப்படியே நம் கரைச் சிறுமீன்களின் மேல் ஏற்றிவிடக் கூடாது. டார்பிடோக்கள் அகன்ற வாய் கொண்ட வேட்டைக்காரர்கள். இரவில் மேலெழுந்து, அருகில் வரும் மீனின் மேல் கவிழ்ந்து, மின்னால் செயலிழக்கச் செய்து விழுங்கும். நார்சினேயின் வாழ்க்கை வேறு. அதன் வாய் சிறிய குழாய்போல் நீளக்கூடியது. அமெரிக்க நார்சினேயைப் படம்பிடித்து ஆராய்ந்தவர்கள், அது தன் தாடைகளைத் தலையின் நீளத்துக்குச் சமமான அளவு வெளியே தள்ளி மணலுக்குள் செலுத்தி, நொடிக்கும் குறைவான நேரத்தில் புழுவை உறிஞ்சி இழுத்து, கூடவே வந்த மணலை வெளியே தள்ளிவிடுவதைக் கண்டார்கள். இரை பிடிக்க மின்சாரம் தேவைப்படுவதில்லை. அது முழுக்க முழுக்கத் தற்காப்புக்கான சேமிப்பு.

மண்ணுக்குள் மறைந்த புழுவை எப்படிக் கண்டுபிடிக்கிறது? சிறு கண்களால் இது ஆகாது. சுறாக்களுக்கும் திருக்கைகளுக்கும் பொதுவாக உள்ள, கூழ் நிறைந்த நுண்குழாய்கள் தலையில் இருக்கின்றன. புழுவின் உடலிலிருந்து கசியும் மிக மெல்லிய மின்புலத்தையும் அவை உணரும். மின்திருக்கைகளுக்கு மட்டும் கூடுதலாக, தோலுக்கடியில் சிறு பைகளின் வரிசை ஒன்று உண்டு. மண்ணில் நிகழும் நுண்ணிய அசைவை உணர்வது அவற்றின் வேலை. மின்னை எழுப்பும் உறுப்பும் மின்னை உணரும் உறுப்பும் தனித்தனியே, தனித்தனி நரம்புகளோடு இருக்கின்றன என்பதைக் கவனிக்க வேண்டும்.

இந்த வாழ்க்கை முறை ஆழ்கடலில் தன் எல்லை வரை போயிருக்கிறது. இன்வெஸ்டிகேட்டர் என்ற ஆய்வுக் கப்பல் திருவிதாங்கூர்க் கரைக்கு அப்பால் 430 பாகம் ஆழத்திலிருந்து எடுத்த ஒரு மின்திருக்கையை விலங்கியலாளர் ஆல்காக் 1898-இல் விவரித்தார். பெந்தோபாட்டிஸ் மோர்ஸ்பையி என்று பெயர். ஏறத்தாழ 790 மீட்டர் ஆழத்து இருளில் வாழும் அதற்குக் கண்கள் பயனற்றுச் சுருங்கிவிட்டன. தரங்கம்பாடி மீனின் சிறு கண்களைப் பார்த்துவிட்டு இதைப் பார்த்தால், ஒரே பாதையில் சற்று முன்னே போனவர்கள் என்று தோன்றும்.

இனப்பெருக்கத்துக்கு வருகிறேன். மீன்களின் எதிர்காலத்தைப் பற்றிப் பேச வேண்டுமானால் இதுதான் மையமான செய்தி. மத்தியும் அயிலையும் ஆயிரக்கணக்கில், லட்சக்கணக்கில் முட்டையிடுகின்றன. மின்திருக்கைகள் குட்டி போடுபவை. கரு முதலில் தன் மஞ்சள் கருவை உண்டு வளர்கிறது. அது தீர்ந்ததும் தாயின் கருப்பைச் சுவரிலிருந்து இழைகள் நீண்டு, ஊட்டம் மிகுந்த ஒரு பாலைச் சுரக்கின்றன. இப்படி மாதக்கணக்கில் வளர்க்கப்பட்டு, ஒரு தாய்க்குப் பெரும்பாலும் விரல்விட்டு எண்ணத்தக்க சில குட்டிகளே பிறக்கின்றன. அமெரிக்க நார்சினேயின் குட்டி பிறக்கும்போதே ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் இருக்கும். பிறந்தவுடனே மணலில் புதைந்துகொள்ளவும் மின்னை எழுப்பவும் அதற்குத் தெரியும். தாய் அதற்கு அளிக்கும் சீதனம் அந்த முழுமைதான். குறைந்த எண்ணிக்கை, நிறைந்த தயாரிப்பு. பெரிய எதிரிகள் நெருங்காத ஒரு மீனுக்கு இது போதுமானதாக இருந்தது.

இழுவை வலை வரும்வரை. 1950களில் கேரளத்தில் தொடங்கிய இந்திய-நார்வே திட்டத்தைத் தொடர்ந்து விசைப்படகுகள் இந்தியக் கரை முழுவதும் பரவின. தமிழ்நாட்டுக் கரையிலும் இறாலுக்காகக் கடலடியைச் சுரண்டும் மடிகள் வந்தன. தரையை ஒட்டி இழுக்கப்படும் கனத்த கயிறு, மணலில் கிடப்பதையெல்லாம் கிளப்பி வலைக்குள் தள்ளும். எல்லா எதிரிக்கும் எதிராக இந்த மீன் செய்யும் ஒரே செயல், கிடந்த இடத்தில் கிடப்பதும் தொட்டால் அதிர்ச்சி கொடுப்பதும்தான். கயிற்றுக்கு நரம்பு இல்லை. வலைக்குள் நெரிபடும்போது மீன் திரும்பத் திரும்ப மின்னை எழுப்பும். ஒவ்வொரு முறையும் அதன் வலிமை குறைந்துகொண்டே போகும். மின்னுறுப்பு தன் சேமிப்பை மீட்க நெடுநேரம் வேண்டும், படகின் தளத்தில் அந்த நேரம் கிடையாது.

இதை யாரும் விலைகொடுத்து வாங்கிச் சமைப்பதில்லை. முன்பெல்லாம் இத்தகைய மீன்கள் நடுக்கடலிலேயே திருப்பி வீசப்பட்டன. ஆரன் லோபோவும் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகச் சகாக்களும் சோழமண்டலக் கரையின் இழுவைப் படகுகளை ஆராய்ந்து 2010-இல் வெளியிட்ட கட்டுரை, அந்த நிலை மாறிவிட்டதைக் காட்டியது. இறாலும் நல்ல மீனும் குறைந்தபோது பல படகுகள் நட்டத்தில் கரையேறியிருக்க வேண்டும். ஆனால் கழிவு மீனுக்கு விலை கிடைக்கத் தொடங்கியது. ராமேஸ்வரம் பக்கம் சங்காயம் என்று சொல்லப்படும் அந்தக் குவியல், உலர்த்தி அரைக்கப்பட்டுக் கோழித்தீவனமாகப் போகிறது. தமிழ்நாட்டில் அந்தத் தீவனத்துக்குப் பெரிய சந்தை நாமக்கல். திருமணிமுத்தாறு காவிரியைச் சேரும் அதே மாவட்டம். கடலடியிலிருந்து அரிக்கப்படும் உயிர்கள், சேர்வராயன் அடிவாரத்துக்குக் கோழிப்பண்ணைகளின் வழியாக வந்துசேர்கின்றன. மீன்பிடிக்கும் குடும்பங்களைக் குறைசொல்ல இதில் எதுவும் இல்லை. டீசல் விலையும் கடனும் நெருக்கும்போது, விலைபோகும் எதையும் கரைக்குக் கொண்டுவருவது அவர்களுக்கு வேறு வழியில்லாத முடிவு. எனக்குக் கவலை தருவது, இறால் வருமானம் குறைந்தால் இழுப்பதும் தானாகக் குறையும் என்ற பழைய தடை இப்போது இல்லை என்பதுதான். மலிவான முட்டை வேண்டும் என்று மலையடிவாரத்தில் இருக்கும் நாமும் இந்தக் கணக்கில் பங்காளிகள்.

கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் இழுவைப் படகுகளுக்குத் தடை இருக்கிறது. பல மீன்களுக்கு அது மூச்சுவிடும் காலம். மாதக்கணக்கில் குட்டியைச் சுமக்கும் ஒரு மீனுக்கு இரண்டு மாதம் எவ்வளவு உதவும் என்பது, அது எந்த மாதத்தில் குட்டி போடுகிறது என்பதைப் பொறுத்தது. அதைச் சொல்லக்கூடிய தகவல் நாள்தோறும் நம் துறைமுகங்களில் வந்து இறங்கி, தீவன ஆலைக்குப் போய்க்கொண்டிருக்கிறது. 1947-இல் தொடங்கப்பட்ட மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனம் பல பத்தாண்டுகளாக மீன்வரத்துக் கணக்கைப் பொறுமையாகச் சேர்த்துவருகிறது. ஆனால் பொதுக் கணக்கில் சுறா, உழுவை, திருக்கை என்ற பெரும்பிரிவுகளே முன்நிற்கின்றன. திருக்கை என்ற ஒரே தலைப்பில், ஐம்பது கிலோ எடையுள்ள ஆனைத்திருக்கையோடு உள்ளங்கை அகல நார்கேயும் கரைந்துபோகிறது. கழிவுக் குவியலுக்குள் போய்விட்டால் அந்தத் தலைப்பும் அதற்கு இல்லை.

இதை மாற்றப் பெருஞ்செலவு தேவையில்லை. வாலின் மேல் துடுப்பு ஒன்றா இரண்டா என்று பார்த்தால் நார்கேயா நார்சினேயா என்பது தெரியும். அடிவயிற்றுத் துடுப்பின் ஓரத்தில் நீண்ட பற்றுறுப்புகள் இருந்தால் ஆண். பெண்ணின் வயிற்றைத் திறந்தால் முட்டையா, மஞ்சள் கரு தொங்கும் கருவா, பிறக்கத் தயாரான குட்டியா என்பது தெரியும். ஓர் அளவுகோலும் ஒரு நோட்டும் போதும். தரங்கம்பாடிக்கு வடக்கே பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இருக்கிறது. நாகையிலும் கடலூரிலும் பழையாற்றிலும் படகுகள் நாள்தோறும் கரையேறுகின்றன. ஒரு மாணவர் ஓராண்டு, மாதம் தவறாமல், ஏதாவது ஒரு துறைமுகத்தின் கழிவுக் குவியலைப் பிரித்து எழுதினால் போதும். குட்டிகள் எந்த மாதத்தில் வருகின்றன, தாய்மீன் எந்த அளவில் கருவுறுகிறது, எந்த ஆழத்துப் படகில் அதிகம் சிக்குகிறது என்ற மூன்று கேள்விக்கும் விடை அந்த நோட்டில் சேர்ந்துவிடும். இழுவைத் தடைக்காலத்தை எந்த வாரத்தில் வைப்பது, கரையிலிருந்து எவ்வளவு தூரம் வரை மடியை விடக் கூடாது என்று முடிவெடுப்பவர்களுக்கு வேண்டியதும் அந்த மூன்று விடைகள்தான்.